எம்பிஆர் மெம்பரேன் ஏன் இப்படி அடைச்சுக்குது: பேஸ்மென்ட்ல இருந்து ஒரு நீளமான பதிவு

அபார்ட்மென்ட் எஸ்டிபி (கழிவுத்தண்ணியை சுத்தம் பண்ற பிளான்ட்) வேலைல இருக்கறவங்களுக்கு வர்ற போன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், மெம்பரேன் போயிடுச்சு, தண்ணியே வரல, புதுசு போட எவ்வளவு ஆகும்னு ஒரு கோட்டேஷன் அனுப்புங்க." சரின்னு நேர்ல போய் பார்த்தா பெரும்பாலும் மெம்பரேன் (தண்ணியை வடிகட்டற சவ்வு) போயிருக்காது, அதுக்கு முன்னாடி இருக்கற ஏதோ ஒண்ணு போயிருக்கும், குப்பையை தடுக்கற ஸ்கிரீன் கிழிஞ்சிருக்கும், காத்து ஊதற புளோயர் ஒண்ணு ரிப்பேராகி மூலைல கிடக்கும், இல்லன்னா பிளான்ட் போட்ட அன்னைக்கே கணக்கு தப்பா போட்டிருப்பாங்க. பாவம் கடைசில நிக்கறது மெம்பரேன், அதனால பழி எல்லாம் அது மேல. அதுக்கு அடுத்தபடியா ஆபரேட்டர் மேல.

எம்பிஆர்னா (மெம்பரேன் பயோரியாக்டர்) என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கழிவுத்தண்ணில காத்தை ஊதி பாக்டீரியாவை வளர்த்து, அது அழுக்கை எல்லாம் தின்ன வெச்சு, அப்புறம் அந்த பாக்டீரியா கூட்டத்தை (நாங்க ஸ்லட்ஜ்னு சொல்றது) தண்ணில இருந்து பிரிக்கறது நூறு வருஷத்துக்கு மேல பழைய டெக்னிக், 1914ல மான்செஸ்டர்ல ஆர்டர்னும் லாக்கெட்டும் பண்ணது. பிரிக்கறதுக்கு பெரிய செட்டிலிங் டேங்க் வேணும், ஸ்லட்ஜ் தானா அடில உக்காரணும், அது சில நாள் உக்காரவே மாட்டேன்னு அடம் பிடிக்கும். 1960கள் கடைசில அமெரிக்காவுல டார் ஆலிவர் கம்பெனி, எதுக்கு உக்கார வெக்கணும், வடிகட்டிடலாமேன்னு மெம்பரேனை கொண்டு வந்தாங்க. ஆனா அதை டேங்குக்கு வெளிய வெச்சு பம்பு போட்டு வேகமா சுத்த விட்டதுல கரண்ட் பில்லே ஆளை கொன்னுடுச்சு. 1989ல டோக்கியோ யுனிவர்சிட்டில யமமோட்டோன்னு ஒருத்தர், மெம்பரேனை நேரா ஏரேஷன் டேங்குக்குள்ளயே முக்கி மெல்ல உறிஞ்சினா என்னன்னு பண்ணி காட்டினார். சென்னை ஓஎம்ஆர் மாதிரி இடத்துல நிறைய அபார்ட்மென்ட்ல டிரைனேஜ் கனெக்‌ஷன் இல்லாம பேஸ்மென்ட்லயே எஸ்டிபி வெச்சுக்கற நிலைமைல, இடம் கம்மியா பிடிக்குதேன்னு பில்டருங்க எம்பிஆர் பக்கம் போறதுக்கு அந்த ஐடியாதான் அடிப்படை.

மெம்பரேன்ல இருக்கற ஓட்டை சைஸ் ஹாலோ ஃபைபர்ல (நூல் மாதிரி மெல்லிசான குழாய் வகை) 0.04 மைக்ரான் கிட்ட, ஃப்ளாட் ஷீட்ல (தட்டையான தாள் வகை) 0.4 மைக்ரான் வரைக்கும் இருக்கும். பாக்டீரியா அதுக்குள்ள போக முடியாது, அதனால வெளிய வர்ற தண்ணி கண்ணாடியா இருக்கும். ஆனா இவ்வளவு சின்ன ஓட்டை வழியா நாள் பூரா தண்ணியை இழுத்தா வெளில ஏதாவது ஒட்டத்தான் செய்யும், ஒட்டாத மெம்பரேன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது, அப்படி யாராவது சேல்ஸ்ல சொன்னா டீ குடிச்சிட்டு அனுப்பி வெச்சிடுங்க.

சரி, எது ஒட்டுது? எல்லாரும் ஸ்லட்ஜ்தான் ஒட்டுதுன்னு நினைக்கறாங்க. அது ஒரு பகுதிதான், அதுவும் சுலபமா கழண்டுடற பகுதி, கீழ இருந்து வர்ற காத்துக்குமிழி தட்டினாலே போயிடும். உண்மையான தொந்தரவு பாக்டீரியா தன்னைச் சுத்தி விடற கோழை மாதிரி சமாச்சாரம், புரோட்டீனும் பாலிசாக்கரைடும் கலந்தது. பாக்டீரியாவோட ஒட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் அது நல்லது, அதுதான் பாக்டீரியாவை எல்லாம் ஒண்ணா கட்டி ஃப்ளாக்கா வெச்சிருக்கு. அது கரைஞ்சு தண்ணில மிதக்க ஆரம்பிச்சா போச்சு, நேரா போய் ஓட்டைல ஒட்டும். புக்ல முதல்ல சொன்னதை ஈபிஎஸ்னும் ரெண்டாவதை எஸ்எம்பின்னும் போட்டிருப்பாங்க. பாக்டீரியாவுக்கு பசி எடுத்தாலும், விஷம் பட்டாலும், ஆக்சிஜன் பத்தலைன்னாலும், திடீர்னு உப்பு ஏறினாலும் இந்த ரெண்டாவது வகை கூடும். இதை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்சம் கீழ வேணும்.

அடைக்கற விதமும் வேடிக்கையானது. புது மெம்பரேனை தண்ணிக்குள்ள இறக்கினதுமே, உறிஞ்சறதுக்கு முன்னாடியே, மேல லேசா ஒரு படலம் ஒட்டிடும். அப்புறம் வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல, மெம்பரேன் வழியா தண்ணியை உறிஞ்சற பெர்மியேட் பம்புல இருக்கற வேக்யூம் கேஜ் முள்ளு தெரியாத அளவுக்கு மெதுவா நகரும். அப்புறம் ஒரு நாள் திடீர்னு குதிக்கும். காலைல பார்த்தா 0.1 பார், ரெண்டு மூணு நாள்ல 0.3, அடுத்து பம்பு காத்து இழுக்க ஆரம்பிச்சிடும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்"னு ஆபரேட்டர் சொல்றது பொய் இல்ல, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கும். டோல்கேட்ல ஆறு லேன்ல நாலை மூடிட்டா மொத்த வண்டியும் மீதி ரெண்டு லேன்ல முட்டற கதைதான் இது. பம்பு எப்பவும் ஒரே அளவு தண்ணியைத்தான் கேக்கும், மெம்பரேன்ல பாதி இடம் அடைஞ்சிருந்தா மீதி பாதில ரெண்டு மடங்கு வேகமா இழுக்கும், வேகமா இழுக்கற இடம் இன்னும் வேகமா அடைக்கும், அப்புறம் சங்கிலி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

இந்த வேகத்துக்குத்தான் ஃப்ளக்ஸ்னு பேரு, ஒரு சதுர மீட்டர் மெம்பரேன்ல ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்கறோம்ங்கறது. ராபர்ட் ஃபீல்டும் அவரோட சேர்ந்தவங்களும் 1995ல ஒரு பேப்பர்ல, ஒரு குறிப்பிட்ட ஃப்ளக்ஸுக்கு கீழ ஓட்டினா அடைப்பு வேகமா ஏறாது, அதைத் தாண்டினா ஏற ஆரம்பிச்சிடும்னு எழுதினாங்க, கிரிட்டிகல் ஃப்ளக்ஸ்னு. ஊர் ஊருக்கு ஸ்லட்ஜுக்கு ஸ்லட்ஜ் அந்த நம்பர் மாறும், ஆனா வீட்டுக் கழிவுத்தண்ணிக்கு 15ல இருந்து 25 வரைக்கும் வெச்சு டிசைன் பண்றதுதான் வழக்கம்.

இங்கதான் என் ஆதங்கமே. ஒரு 200 கேஎல்டி பிளான்ட்டை எடுத்துக்கோங்க, அதாவது ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் லிட்டர். பம்பு ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடும், ஃப்ளக்ஸ் 20னு வெச்சா 500 சதுர மீட்டர் மெம்பரேன் வேணும். ஒருத்தர் அதை 30 ஃப்ளக்ஸ்னு கணக்கு போட்டு 333 சதுர மீட்டரே போதும்னு கோட்டேஷன் கொடுப்பார், மெம்பரேன் விலைல மூணுல ஒரு பங்கு மிச்சம், டெண்டர் அவருக்கு. பில்டருக்கு இது தெரியவே தெரியாது, அவருக்கு கடைசி லைன்ல இருக்கற ரூபாய்தான் தெரியும். இதுல இன்னொரு கூத்து, வர்ற தண்ணியை பிடிச்சு வெச்சு சீரா அனுப்பற ஈக்வலைசேஷன் டேங்கையும் சின்னதா கட்டியிருப்பாங்க, காலைல ஆறு மணில இருந்து பத்து மணிக்குள்ள எல்லார் வீட்டு குளியலும் துவையலும் ஒண்ணா வந்து இறங்கும், பிடிச்சு வெக்க இடம் இல்ல, மதியத்துக்கு மேல உள்ள தண்ணியே வராது, அதனால 20 மணி நேரம் ஓட வேண்டிய பம்பு 12 மணி நேரத்துல மொத்தத்தையும் இழுத்தாகணும். அதே 333 சதுர மீட்டர்ல கணக்கு போட்டா ஃப்ளக்ஸ் 50 வருது. இதுக்கு மேல ஒன்பது நிமிஷம் இழுத்து ஒரு நிமிஷம் ரெஸ்ட் விடற சைக்கிள் வேற, இழுக்கற நேரத்துல இன்னும் கூடும். இந்த பிளான்ட்ல மெம்பரேன் அடைச்சா ஆபரேட்டரை திட்டி என்ன பிரயோஜனம்? ஃபவுலிங்ல, அதாவது இந்த அடைப்புல பாதி, கோட்டேஷன்ல கையெழுத்து போட்ட அன்னைக்கே முடிவாயிடுது.

மீதி பாதி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுலதான் இந்த வேலைல கொஞ்சம் சுவாரசியம் இருக்கு.

ஒரு அபார்ட்மென்ட், பேரு வேண்டாம். டிசைன் ஓரளவு நல்லாவே இருந்துச்சு, ஸ்கிரீன் புதுசு, ஸ்லட்ஜும் லிட்டருக்கு 9000, 10000 மில்லிகிராம் கிட்ட அழகா நின்னுச்சு. ஆனாலும் கேஜ் அடிக்கடி ஏறிச்சு, ஹைப்போ (பிளீச் திரவம்) போட்டு கழுவினா இறங்கிச்சு, மறுபடி ஏறிச்சு. ஏற்கனவே பார்த்தவங்க மெம்பரேனை மாத்த சொல்லியிருந்தாங்க. அங்க இருந்த ஆபரேட்டர் தம்பி ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தான், யாரும் கேக்காமலே தினமும் ஷிஃப்ட் முடியறப்ப கேஜ் ரீடிங்கை ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சிருந்தான். அதை விரிச்சு வெச்சு பார்த்தோம். ஏறின நாளுக்கு எல்லாம் ஒரு இடைவெளி இருந்துச்சு. "தம்பி, இந்த நாள்ல எல்லாம் என்ன நடந்துச்சு?" "ஒண்ணும் நடக்கலையே சார்." கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "பக்கத்து ரூம்ல சாஃப்ட்னர் ரீஜெனரேஷன் பண்ணுவாங்க சார், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"ன்னான்.

சம்பந்தம் இருக்கு. டேங்கர் தண்ணியும் போர் தண்ணியும் கலந்து வர்ற ஊர்ல தண்ணி கடினம், அதனால சாஃப்ட்னர் போட்டிருக்காங்க. அதுல இருக்கற ரெசின் சோர்ந்து போனா மூட்டை மூட்டையா உப்பைக் கரைச்சு அதுக்குள்ள விட்டு திரும்ப உயிர் கொடுக்கணும். அந்த உப்புத்தண்ணி வெளிய வருமில்ல, அது எங்க போகுதுன்னு பைப்பை பிடிச்சுக்கிட்டே போனா நேரா எஸ்டிபியோட கலெக்‌ஷன் டேங்க்ல முடியுது. பிளம்பர் கிட்ட கேட்டா "பக்கத்துல இருந்த லைன்ல கொடுத்துட்டேன்"னு சொல்றார், அவர் பார்வைல அது சரிதான். ஆனா உள்ள பாக்டீரியாவுக்கு திடீர்னு உப்பு ஏறினா செல்லுக்குள்ள இருக்கறது வெளிய கசியும், ஃப்ளாக்கை பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கற கால்சியம் இருந்த இடத்துல சோடியம் வந்து உக்காந்துக்கும், கட்டு தளரும். ஃப்ளாக் உடைஞ்சு தூளாகும், மேல சொன்ன அந்த கோழை தண்ணில கரையும், மெம்பரேன் அடைக்கும். பீக்கர்ல அரை மணி நேரம் ஸ்லட்ஜை உக்கார வெச்சு பார்த்தா சாதாரண நாள்ல மேல தெளிவா இருக்கும், ரீஜெனரேஷன் முடிஞ்ச மறுநாள் மேல டீத்தண்ணி நிறத்துல கலங்கலா நிக்கும், கண்ணாலயே தெரியுது. லைனை தனியா பிரிச்சு உப்புத்தண்ணியை வேற டேங்க்ல பிடிக்க ஏற்பாடு பண்ணதுக்கு அப்புறம் அந்த மெம்பரேனை யாரும் மாத்தல.

தலைமுடியைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. ஹாலோ ஃபைபர் மாடியூலை கிரேன்ல தூக்கி வெளிய எடுக்கறப்ப பாருங்க, மேல் பக்கம் ஃபைபர் எல்லாம் ஹெடர்ல சேர்ற இடத்துல முடியும் துணி நூலும் பின்னிப் பின்னி கை கட்டைவிரல் தடிமன்ல திரிச்சுக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள கருப்பா ஸ்லட்ஜ் இறுகிப் போயிருக்கும், நாத்தம் மூக்கைத் துளைக்கும், ஏன்னா உள்ள ஆக்சிஜனே போறதில்ல. இதை எந்த கெமிக்கலும் கரைக்காது. கையால ஒண்ணொண்ணா பிரிக்கணும், கத்தரிக்கோல் போட்டா ஃபைபரும் சேர்ந்து வெட்டுப்படும். ஹாலோ ஃபைபருக்கு 1, 2 மில்லிமீட்டர் ஃபைன் ஸ்கிரீன் வேணும், ஃப்ளாட் ஷீட்டுக்கு 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவால்ல. ஆனா நம்ம ஊர்ல ஸ்கிரீன் அடைச்சு தண்ணி வழிஞ்சா ஆபரேட்டர் முதல்ல பண்றது என்ன, பைபாஸை திறந்து விடறதுதான், ஏன்னா பேஸ்மென்ட்ல சாக்கடைத் தண்ணி கார் பார்க்கிங்குக்கு வந்துட்டா செகரட்டரி அவனைத்தான் பிடிப்பார், மெம்பரேன் அடைக்கறது ரெண்டு மாசம் கழிச்சுதான தெரியும்.

அப்புறம் சாணி. புது அபார்ட்மென்ட்ல பத்து பதினஞ்சு குடும்பம்தான் வந்திருக்கும், எஸ்டிபியை ஓட்டி காட்டணும், பாக்டீரியா வளர தீனி பத்தாது, உடனே பால்காரர் கிட்ட சொல்லி ரெண்டு டிரம் சாணியை கரைச்சு டேங்க்ல ஊத்திடுவாங்க. பழைய மாடல் பிளான்ட்டுக்கு அது ஓடிச்சு. எம்பிஆர்ல சாணில இருக்கற வைக்கோல் நாரெல்லாம் மெம்பரேன்ல போய் சுத்திக்கும். வேற ஓடற எஸ்டிபில இருந்து ஒரு லாரி ஸ்லட்ஜ் கொண்டு வந்து, ஸ்கிரீன் வழியா விட்டு சேத்தா போதும். ஸ்லட்ஜ் கம்மியா இருக்கறப்பவே முழு வேகத்துல இழுக்கறதும் தப்பு, நிறைய பேர் ஸ்லட்ஜ் நீர்த்தா மெம்பரேனுக்கு நல்லதுன்னு நினைக்கறாங்க, உண்மைல ஃப்ளாக் இல்லாததால பொடியும் கோழையும் நேரா ஓட்டைக்கே போயிடும்.

நுரை வந்தா சிலிக்கான் டிஃபோமர் ஊத்தறது இன்னொரு வியாதி. நுரை அடங்கிடும், சிலிக்கான் மெம்பரேன் மேல படிஞ்சுடும், அப்புறம் எதுக்கும் கழண்டு வராது. ஃபில்டர் பிரஸ்ல ஸ்லட்ஜை பிழியறதுக்கு பாலி (பாலிமர் கெமிக்கல்) கலப்பாங்க, அது அளவுக்கு மேல போனா பிழிஞ்ச தண்ணியோட சேர்ந்து திரும்ப டேங்குக்கே வரும், அதுவும் இதே கதை. இதெல்லாம் மேனுவல்ல போட்டிருக்கு, மேனுவல் இங்கிலீஷ்ல அசோசியேஷன் ஆபீஸ் பீரோல இருக்கு, டிஃபோமர் கேனை தூக்கற தம்பி கைல இல்ல.

கழுவறதைப் பத்தி. வாராவாரம் கொஞ்சமா ஹைப்போ, சில நூறு பிபிஎம் அளவுல, உள்ள இருந்து மெதுவா விடணும், இது கோழையை கரைக்கும். கேஜ் ஏறிட்டா ஆயிரத்துக்கு மேல போட்டு ஊற வெக்கணும். கால்சியம் உப்பு படிஞ்சு வெள்ளையா சொரசொரன்னு இருந்தா சிட்ரிக் ஆசிட். ஃப்ளாட் ஷீட்டா இருந்தா பம்பு போட்டு தள்ளாதீங்க, ஷீட் பேனலை விட்டு பிரிஞ்சிடும், மேல டேங்க் வெச்சு தானா இறங்க விடணும். கார் கழுவற பிரஷர் ஜெட்டை மெம்பரேன் மேல பிடிக்கறவங்களை பார்த்திருக்கேன், பளிச்சுன்னு சுத்தமாகும், தோல் உரிஞ்சிடும், அப்புறம் கேஜ் அருமையா காட்டும், ஏன்னா அதுக்கப்புறம் அது வடிகட்டறதே இல்ல.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் கொட்டை எழுத்துல ரூம் கதவுலயே ஒட்டி வெக்க சொல்வேன். ஹைப்போவும் ஆசிட்டும் சேரக் கூடாது. சேர்ந்தா குளோரின் கேஸ் வரும், பேஸ்மென்ட்ல காத்தோட்டம் கிடையாது, ஆள் செத்துடலாம். ஹைப்போ போட்டு முடிச்சு, நல்லா தண்ணி விட்டு அலசி, அந்த பைப், டேங்க், பக்கெட் எல்லாம் காலி பண்ணி, அப்புறம் வேற நாள்ல சிட்ரிக். ஒரே மக்குல ரெண்டையும் அளக்கற ஆபரேட்டரை பார்த்தா அன்னைக்கு மத்த வேலை எல்லாம் விட்டுட்டு அதை நிறுத்துங்க.

ஆராய்ச்சி பக்கமும் நல்லது நடக்குது. சியோல் நேஷனல் யுனிவர்சிட்டில லீ சுங்-ஹாக்கோட குழு, பாக்டீரியா ஒண்ணோட ஒண்ணு கெமிக்கல்ல பேசிக்கிட்டுதான் படலம் கட்டுது, அந்த பேச்சை துண்டிச்சா என்னன்னு இறங்கினாங்க. அந்த சிக்னலை தின்னுடற ரோடோகாக்கஸ் பிஎச்4ன்னு ஒரு பாக்டீரியாவை பிரிச்செடுத்து, ஜெல் உருண்டைக்குள்ள அடைச்சு டேங்க்ல மிதக்க விட்டா மெம்பரேன் அடைய ரொம்ப நாள் எடுக்குதுன்னு காட்டினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா. ஆனா ஸ்கிரீன் பைபாஸ் திறந்து கிடக்கற பிளான்ட்ல அந்த உருண்டையை போட்டா அதுவும் முடியோட சேர்ந்து ஹெடர்ல மாட்டிக்கும், அவ்வளவுதான்.

நாம குளிர் நாட்டுக்காரங்களை விட ஒரு வகைல அதிர்ஷ்டசாலிங்க, இதை யாரும் சொல்றதில்ல. 10 டிகிரில இருக்கற தண்ணியை விட 30 டிகிரி தண்ணி நல்லா இளகி ஓடும், பாகுநிலை கிட்டத்தட்ட 1.3ல இருந்து 0.8க்கு இறங்குது, அதே மெம்பரேன்ல அதே இழுப்புக்கு ஒன்றரை மடங்கு தண்ணி வரும். அங்க குளிர்காலத்தை நினைச்சு மெம்பரேனை கூடுதலா போடுவாங்க. நமக்கு அந்த செலவு இல்ல, அந்த வசதியையும் 30 ஃப்ளக்ஸ் கோட்டேஷன்ல தின்னுட்டு உக்காந்திருக்கோம்.

காசு செலவில்லாம ஒரு டெஸ்ட் இருக்கு, எல்லா ஆபரேட்டருக்கும் சொல்லித் தர்றது. ஃபில்டர் பேப்பரை மடிச்சு புனல்ல வெச்சு, ஏரேஷன் டேங்க் ஸ்லட்ஜ் 50 மில்லி ஊத்தி, அஞ்சு நிமிஷத்துல கீழ எவ்வளவு வடியுதுன்னு பாருங்க. 10 மில்லிக்கு மேல வந்தா ஸ்லட்ஜ் ஆரோக்கியமா இருக்கு, 5க்கு கீழ போனா மெம்பரேன் இன்னும் கத்த ஆரம்பிக்கலைன்னாலும் கத்தப் போகுது, அன்னைக்கே இழுப்பை குறைச்சு என்ன உள்ள வந்துச்சுன்னு தேடுங்க. கேஜ் ஏறினதுக்கு அப்புறம் தேடறதை விட இது எவ்வளவோ மேல். மாசம் பதினஞ்சாயிரம் சம்பளத்துல இருக்கற ஆள் கிட்ட லட்சக்கணக்குல விலை போற மெம்பரேனை ஒப்படைச்சுட்டு ஒரு பாக்கெட் ஃபில்டர் பேப்பர் வாங்கித் தர மாட்டோம்ங்கறது எந்த ஊர் சிக்கனம்னு எனக்கு இன்னும் புரியல.

போன வாரம் இன்னொரு அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் மீட்டிங். மெம்பரேன் மாத்தற கோட்டேஷன் மேசை மேல இருந்துச்சு. மேல சொன்ன கணக்கை எல்லாம் ஒரு தாள்ல போட்டு காட்டினதும் ட்ரெஷரர் முதல்ல ஸ்கிரீனை மாத்தலாம்னு ஒத்துக்கிட்டார், ஆர்டர் போட்டாச்சு. ஈக்வலைசேஷன் டேங்க்கை பெருசு பண்ணாத்தான் காலை நேர இழுப்பு குறையும், அதுக்கு பக்கத்துல இருக்கற ரெண்டு கார் பார்க்கிங்கை எடுக்கணும். அந்த ரெண்டு ஓனருங்களும் மீட்டிங்குக்கு வரல. வாட்ஸ்ஆப்ல மெசேஜ் மட்டும் போட்டிருக்காங்க, மெம்பரேனையே மாத்திடுங்கன்னு.